தீட்டிய மரமும் தோல்வாரும்: செதுக்குக் கத்தியின் கூர்மையைக் காத்தல்

நன்றி மறத்தலைச் சுட்டுவதற்குத் தமிழில் வழங்கும் மரபுத்தொடர்களுள் ஒன்று, தீட்டிய மரத்திலேயே கூர் பார்த்தல் என்பது. வகுப்பறையில் இத்தொடர் வரும்போது, உதவி செய்தவர்க்கே தீங்கு இழைத்தல் என்று பொருள் கூறிவிட்டு நாம் மேலே சென்றுவிடுகிறோம். மாணவரும் அவ்வாறே எழுதிக்கொள்கின்றனர். கத்தியைக் கல்லிலன்றோ தீட்டுவர், மரத்தில் எப்படித் தீட்டுவது என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால், நம்முள் பலர் விடைக்குத் தடுமாறுவோம்.

கேட்கத்தக்க வினாதான் அது. மரம் இரும்பைவிட மெலிது. வெறும் மரத்தில் அலகைத் தேய்த்தால் தேய்வது மரமே. ஆயினும் பனையேறிகள் தம் பாளை அரிவாளை மரத்தில்தான் தீட்டினர். பலகையின்மீது வெள்ளைக் கல்லை இடித்தெடுத்த நுண்பொடியைத் தூவி, அதன்மேல் அலகை இழுத்தனர். இரும்பைத் தேய்த்தது பொடி; அப்பொடியை இடம்பெயராமல் பிடித்துக்கொண்டது மரம். கல்லில் துகள்கள் இறுகிக் கிடப்பதால் அவை ஆழமாக உழும். மரத்திலோ அவை பாதி புதைந்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு மட்டுமே வெட்டும். அதனால் கல் விட்டுச் செல்லும் கீறலைவிட மரம் விட்டுச் செல்லும் கீறல் மெல்லியது.

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் தோல்வாரும் இதே விதிப்படி இயங்குவதுதான். மரத்தின் இடத்தில் தோல் இருக்கிறது. வெள்ளைக்கல் பொடியின் இடத்தில் மெருகுப் பசை இருக்கிறது. மரம் செதுக்குவோர் உலகெங்கும் தம் பக்கத்தில் வைத்திருக்கும் இந்த எளிய கருவியைப் பேணுவது எப்படி என்பதே நம் பொருள். கத்தியைப் பேணுவது பற்றிப் பேசுவோர் பலர். வாருக்குக் கூர்மை இல்லை, துருப்பிடிப்பதும் இல்லை. ஆகவே அதைப் பேண வேண்டும் என்ற நினைவே பெரும்பாலோர்க்கு எழுவதில்லை. ஆனால் பேணப்படாத வார், சும்மா கிடப்பதில்லை. அது ஒவ்வொரு இழுப்பிலும் கத்தியைச் சிறிது சிறிதாகக் கெடுக்கிறது.

சொல்லைப் பற்றி ஒரு சொல். தீட்டுதல் என்னும் வினை தமிழில் வளமானது. கத்தி தீட்டுகிறோம், அரிசி தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம், ஓவியமும் தீட்டுகிறோம். இவை எல்லாவற்றிலும் மென்மையாக, திரும்பத் திரும்ப ஒரு பரப்பின்மேல் கை செல்வது பொதுவாய் இருக்கிறது. இவ்வினையோடு வார் என்னும் சொல்லைச் சேர்த்துத் தீட்டுவார் என்று பெயரிட்டால் அது வினைமுற்றாய் நின்று குழப்பும். எனவே தோல்வார் என்றே நாம் வழங்குவோம். கத்தியின் உறுப்புகளுக்கும் நமக்குப் பழைய பெயர்கள் உண்டு. வெட்டும் விளிம்பு வாய் எனப்படும்; எதிர்ப்புறம் முதுகு. இரண்டுக்கும் இடைப்பட்ட உலோகம் அலகு. வாயை நோக்கிச் சாய்ந்து இறங்கும் பரப்பைச் சரிவு என்போம். இந்த நான்கு சொற்களும் கைவசம் இருந்தால் மேற்கொண்டு சொல்வதெல்லாம் எளிதில் விளங்கும்.

கல்லில் தீட்டி முடித்த கத்தியின் வாயில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நடுத்தரமான 1000 எண் தீட்டுக்கல்லின் துகள் ஏறத்தாழ 15 மைக்ரான் அகலமுடையது. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். ஆக, கல்லின் ஒவ்வொரு துகளும் மயிரில் ஐந்தில் ஒரு பங்கு அகலமுள்ள கலப்பைபோல் எஃகை உழுதுகொண்டு செல்கிறது. இருபுறத்துச் சரிவுகளும் சந்திக்கும் இடத்தில் எஃகு மிக மெலிந்துவிடுவதால், அது வெட்டுப்படாமல் வளைந்து மறுபுறம் சாய்ந்துகொள்கிறது. தகரத்தை வெட்டிய விளிம்பில் கையை வைத்தால் குத்துமே, அதுபோன்ற பிசிர் இது. கண்ணுக்குத் தெரியாது, சரிவிலிருந்து விளிம்பை நோக்கி விரலை மெல்லத் தள்ளினால் தட்டுப்படும். பிசிருள்ள கத்தி முதல் சில நொடிகள் மிகக் கூர்மையாய் இருப்பதுபோல் தோன்றும். மரத்தில் இரண்டு முறை ஓட்டியதும் பிசிர் மடங்கி, வாய் மழுங்கிவிடும். இப்போதுதானே தீட்டினோம், அதற்குள் மழுங்கிவிட்டதே என்று மாணவர் கத்தியின் தரத்தைக் குறை கூறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

தோல்வாரின் முதல் வேலை இப்பிசிரை முன்னும் பின்னும் அசைத்துக் களைந்துவிடுவது. இரண்டாவது வேலை, கல் உழுத கோடுகளை மேலும் மெல்லியதாக்கி மெருகேற்றுவது. தோலில் பூசும் பச்சை நிற மெருகுக்கட்டியில் உள்ள குரோமியம் ஆக்சைடின் துகள், நல்ல தரத்தில் அரை மைக்ரான் அளவே இருக்கும். கல்லின் துகளோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்கு. ஆகையால் வார் தேய்த்துக் கழிக்கும் எஃகு மிகக் குறைவு. உடைந்த வாயை அது சீராக்காது. கண்ணுக்குத் தெரியும் பல்லிடுக்கு விழுந்திருந்தால் கல்லுக்கே திரும்ப வேண்டும்.

எஃகு மழுங்குவது வெறும் தேய்வால் மட்டும் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 2020இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான மயிரே சவர அலகின் வாயைச் சில்லுகளாகப் பெயர்த்துவிடுகிறது என்று அதில் காட்டினர். அலகு சாய்வாக மயிரைச் சந்திப்பதும், எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராய் இல்லாமையும் அதற்குக் காரணங்கள். மயிருக்கே இந்நிலை என்றால், கணுவும் நாரும் உள்ள மரத்தைச் செதுக்கும் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கடி வாரில் இழுக்கும் பழக்கம் இங்குதான் பயன் தருகிறது. சிறு குறைகள் பெரியனவாகுமுன் களையப்படுகின்றன. கல்லின் தேவை குறைகிறது. கத்தியின் ஆயுள் நீள்கிறது.

இதை ஆசிரியர்களிடம் நாம் குறிப்பாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. செதுக்குக் கத்தியைப் பள்ளிக்குள் கொண்டுவந்த பெருமை வட ஐரோப்பியருக்கு உரியது. உனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால் பின்லாந்தில் 1866இல் கைவினை பள்ளிப் பாடமாயிற்று. அடுத்த பத்தாண்டில் சுவீடனில் ஒட்டோ சலோமோன் (1849–1907), தம் மாமா ஆகஸ்ட் ஆபிரகாம்சனுக்குச் சொந்தமான நேஸ் என்னும் பண்ணையில் ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கூடத்தை வளர்த்தெடுத்தார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்குச் சென்று பயின்றனர். ஸ்லாய்டு என்று அவர்கள் வழங்கும் அப்பாடம் இன்றும் சுவீடன் பள்ளிகளில் எல்லா மாணவர்க்கும் உரிய பாடமாக இருந்துவருகிறது. திறமை, கைச்சாதுரியம் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர்.

சலோமோன் தம் பாடவரிசையில் முதற்கருவியாக வைத்தது கத்தியை. சுத்தியலும் இழைப்புளியும் பின்னர்தான் வந்தன. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான கருவி கத்தி என்பதும், அதைக் கொண்டு எளிய பொருளொன்றை முழுமையாகச் செய்து முடிக்கலாம் என்பதும் அவர் கருத்து. சுவீடனின் மூரா என்னும் ஊர்ப் பகுதியில் 1891 முதல் இயங்கிவரும் கத்தித் தொழில், இன்று உலகெங்கும் செதுக்குவோர் கையிலிருக்கும் எளிய மரப்பிடிக் கத்திகளைத் தந்தது. குறுகிய அலகு, இருபுறமும் தட்டையான அகன்ற சரிவு, அவற்றுக்கு இடையே 20 முதல் 25 பாகை கோணம் என்பதே அவற்றின் பொது அமைப்பு. இக்கத்தியையே நம் உரைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பிள்ளைகள் கையில் கூரிய கத்தியைக் கொடுப்பதா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அஞ்ச வேண்டியது மழுங்கிய கத்தியைத்தான். கூரிய கத்தி மெல்லிய அழுத்தத்தில் மரத்துக்குள் செல்லும். எங்கே நிறுத்த நினைக்கிறோமோ அங்கே நிற்கும். மழுங்கிய கத்தி மரத்தைக் கவ்வாது. மாணவர் தோளின் வலிமையெல்லாம் சேர்த்து அழுத்துவார். கத்தி திடீரென வழுக்கும். அழுத்திய வலிமை முழுவதும் அடுத்து எதிர்ப்படும் பொருளில் இறங்கும். அப்பொருள் பல வேளைகளில் மரத்தைப் பிடித்திருக்கும் இடக்கைப் பெருவிரல். பட்டறையில் இருபது கத்திகளும் ஒரு தோல்வாரும் இருந்தால், இருபது பெருவிரல்களின் நலமும் அந்த ஒரு வாரைச் சார்ந்திருக்கிறது என்று கொள்வது மிகையாகாது.

இனி வாரின் அமைப்பு. நம் பெற்றோர், பாட்டனார் காலத்தவர்க்குத் தோல்வார் என்றதும் நினைவுக்கு வருவது முடிதிருத்தகத்தில் நாற்காலியின் பக்கத்தே தொங்கிய நீண்ட வார்தான். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் நடத்திய முடிதிருத்தகங்களில் அது இன்றியமையாத பொருளாக இருந்தது. சவரக்கத்தியை அதில் தட்டித் தட்டித் திருப்பும் ஒலியைக் கேட்டு வளர்ந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆனால் அவ்வாரைச் செதுக்குக் கத்திக்குப் பயன்படுத்தலாகாது. சவரக்கத்தியைப் படுக்க வைத்தால் அதன் முதுகும் வாயும் ஒருங்கே தோலைத் தொடும். கோணத்தைக் கத்தியே பார்த்துக்கொள்கிறது. வார் சற்றுத் தொய்ந்தாலும் கேடில்லை. செதுக்குக் கத்தியில் சரிவு மட்டுமே தோலில் படிகிறது. தொங்கும் வார் தொய்ந்து வாயைச் சுற்றி வளைந்துகொள்ளும்; கூரிய விளிம்பு உருண்டுவிடும்.

ஆகவே செதுக்குவோரின் தோல்வார் பலகையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு சாண் அல்லது சற்றே நீண்ட, ஐந்தாறு சென்டிமீட்டர் அகலமுள்ள, வளைவற்ற பலகை போதும். தோல் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்புக்கு மேற்பட வேண்டாம். பருத்த, மெத்தென்ற தோல் கைக்கு இதமாயிருக்கும். கத்திக்கு அதுவே பகை. இதனை விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வாரால் வரும் கேடுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன. மெத்தையில் ஒருவர் அமர்ந்தால் அவர் அமர்ந்த இடம் தாழ்ந்து, சுற்றுப்புறம் மேலெழுகிறது அல்லவா? அலகு அழுத்தும்போது தோலும் அவ்வாறே தாழ்ந்து, வாய் கடந்து சென்றதும் மேலெழுகிறது. எழும் தோல் விளிம்பின் நுனியை மட்டும் தேய்க்கிறது. ஒருமுறை தேய்ந்தால் தெரியாது. நூறு நாள் தேய்ந்தால், 25 பாகையில் தொடங்கிய கோணம் நுனியில் மட்டும் அகன்றுகொண்டே போகும். அப்போது கத்தி பளபளக்கும், தாளைக்கூட வெட்டும். மரத்தில் மட்டும் இறங்க மறுக்கும். மெருகைக் கூர்மை என்று நம்பி மேலும் மேலும் வாரில் இழுத்தால் கேடு பெருகும். கல்லில் சரிவைத் திரும்பவும் தட்டையாக்குவதைத் தவிர இதற்கு வழியில்லை.

தோலின் வகையும் இதையொட்டியதே. குரோமிய உப்பால் பதனிட்ட தோல் இன்று காலணிகளிலும் பைகளிலும் மிகுதியாய் வழங்குகிறது. அது துவண்டு இழுபடும். மரப்பட்டைச் சாற்றால் பதனிட்ட தோல் விறைப்பாய் நிற்கும். வாருக்கு ஏற்றது அதுவே. தமிழ்நாட்டில் திண்டுக்கல் முதலிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரோடு ஐரோப்பியச் சந்தைக்குச் சென்றது. பிற்காலத்தில் ஆவாரையின் இடத்தை வேறு பட்டைகள் பிடித்துக்கொண்டன. தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வீட்டில் பழைய இடைவார் ஒன்று இருந்து, அது விறைப்பான தோலாகவும் மேலே நெகிழிப் பூச்சு இல்லாததாகவும் இருந்தால், அதை வெட்டி ஒட்டிக்கொள்வதில் தவறில்லை.

நம் நாட்டு வகுப்பறைக்கு உரிய ஒரு செய்தியை இங்கே சேர்க்க வேண்டும். மாட்டுத்தோலைத் தொட விரும்பாத குடும்பங்கள் உண்டு. பன்றித்தோலைத் தொடக்கூடாத குடும்பங்கள் உண்டு. மாணவரை அதுபற்றி விளக்கம் சொல்லும் நிலைக்கு ஆளாக்குவது பொருந்தாது. மெருகுக்கட்டியைப் பூசிய மென்மரப் பலகையோ, அட்டையோ, தச்சுக்கடையில் கிடைக்கும் அடர்நார்ப் பலகைத் துண்டோ இவ்வேலையைச் செவ்வையாகச் செய்யும். தட்டையான சரிவுடைய கத்திக்கு, தோலைவிட அமுங்காத இப்பலகைகளே மேல் என்று கருதும் செதுக்குநரும் உளர். தீட்டிய மரம் என்னும் பழந்தொடர் அப்போது மீண்டும் நேர்ப்பொருளைப் பெற்றுவிடும்.

தோலில் மயிர் இருந்த வழவழப்பான புறத்தை மேலாக வைப்பதா, நார் தெரியும் உட்புறத்தை வைப்பதா என்பது பற்றிப் பலர் வாதிடுவர். நாம் அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. உட்புறம் பசையை மிகுதியாகப் பிடிக்கும். வழவழப்பான புறம் குறைவாகப் பிடித்து மெல்லிய முடிவைத் தரும். வகுப்பறைக்கு எதுவும் போதும். வழவழப்பான புறத்தைத் தேர்ந்தால், ஒட்டிய பின் 150 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அதன் பளபளப்பை நீக்க வேண்டும். இல்லையேல் மெருகுக்கட்டி பிடிக்காமல் உருண்டுவிடும்.

மெருகுக்கட்டி என்பது மெழுகிலும் கொழுப்பிலும் குழைத்த துகள். தோலைச் சற்றே வெதுவெதுப்பாக்கி, வண்ணக்கோலால் தாளில் நிறம் தீட்டுவதுபோல் பூச வேண்டும். தோலின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவு பூச்சு போதும். களிம்புபோல் அப்பிவிட்டால், அலகு தோலைத் தொடாமல் மெழுகின்மேல் நீந்தும். பூச்சு உலர்ந்து பொடியாய் உதிர்ந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் கனிம எண்ணெயில் ஒரு துளியை விரலால் தடவலாம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் வேண்டா. நாளடைவில் அவை சிக்குப்பிடித்து நாறும். எண்ணெய் மிகுந்தால் தோல் ஊறி மெத்தென்றாகும் என்பதையும் மறத்தலாகாது. பச்சைப் பொடி கைக்கும் சட்டைக்கும் எளிதில் ஒட்டும். வேலை முடிந்ததும் கை கழுவச் சொல்வது ஆசிரியர் கடமை.

இழுக்கும் முறையில் ஒரே விதிதான் உண்டு: முதுகு முன்னே செல்லட்டும், வாய் பின்னே வரட்டும். சரிவு முழுவதும் தோலில் படியுமாறு அலகைப் படுக்கவைத்து, அடியிலிருந்து நுனிவரை பரவுமாறு இழுக்க வேண்டும். இழுப்பு முடிந்ததும் அலகை அசைக்காமல் நிறுத்தி, முதுகின்மேல் புரட்டி, மறுபுறத்தைத் தொடங்க வேண்டும். இழுப்பின் முடிவில் கையை மேல்நோக்கிச் சுண்டுவது பார்க்க அழகாயிருக்கும். அந்தச் சுண்டலில்தான் விளிம்பு உருள்கிறது. விரைவும் வேண்டா. பக்கத்துக்குப் பத்து முதல் இருபது இழுப்பு, கத்தியின் எடையைவிடச் சற்றே கூடுதலான அழுத்தம் போதும். வாய் முன்னே சென்றால் கத்தி தோலுக்குள் பாய்ந்து அதை வெட்டிவிடும். தீட்டிய இடத்திலேயே கூர் பார்ப்பது என்பது இங்கே உவமையன்று, நேரில் நடப்பது. அரைமணி நேரச் செதுக்கலுக்கு ஒருமுறை வாருக்குத் திரும்பும் பழக்கத்தை மாணவர்க்கு உண்டாக்கினால், மழுங்கியபின் தீட்டுவோம் என்ற எண்ணமே அவர்களுக்கு வராது.

சில நாள்களில் பச்சைப் பூச்சு கறுக்கத் தொடங்கும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; கறுப்பாய்த் தெரிவது கத்தியிலிருந்து கழிந்த எஃகு. வார் வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று. எப்போது கவலைகொள்ள வேண்டும் என்றால், அக்கறுப்பு கண்ணாடிபோல் மினுங்கும்போது. எஃகுப்பொடியும் பழைய மெழுகும் சேர்ந்து தோலின் துளைகளை அடைத்துவிட்டன என்று பொருள். அப்போது அலகு வழுக்கிச் செல்லும். உராயும் உணர்வே கைக்குக் கிட்டாது. கத்தியின் முதுகையோ பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பையோ நிமிர்த்திப் பிடித்து, நீளவாக்கில் சுரண்டினால் கறுப்பு மெழுகு சுருள்சுருளாக வரும். ஒட்டிக்கிடப்பதை டர்ப்பன்டைன் நனைத்த துணியால் துடைக்கலாம். நெருப்பருகே அன்று, காற்றோட்டமுள்ள இடத்தில். முழுவதும் உலர்ந்தபின் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துப் புதுப்பூச்சிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சுரண்டிப் புதிதாக்குவது வீண்வேலை. பழைய பூச்சின்மேலேயே இரண்டு மூன்று முறை சிறிது தடவிக்கொண்டு, மினுக்கம் தெரிந்தபின் துப்புரவு செய்வதே நடைமுறைக்கு ஏற்றது.

கறுப்பைவிடப் பெரிய பகை அயல்துகள். கல்லிலிருந்து எடுத்த கத்தியைத் துடைக்காமல் வாரில் வைத்தால், 15 மைக்ரான் துகள் அரை மைக்ரான் துகள்களுக்கு நடுவே குடியேறிவிடும். அதன்பின் வார் மெருகேற்றாது. ஒவ்வொரு இழுப்பிலும் விளிம்பில் கோடு கீறும். உப்புத்தாள் வேலை நடக்கும் மேசையிலும் மணல் படியும் சன்னலோரத்திலும் வாரைத் திறந்து வைக்கலாகாது. இரு வகை மெருகுக்கட்டி இருந்தால் இரு வார்கள் வேண்டும். அல்லது பலகையின் இரு பக்கங்களிலும் தோல் ஒட்டி, எப்பக்கம் எது என்று பிடியில் எழுதிவிட வேண்டும். பொதுப் பட்டறையில் இந்த எழுத்து நினைவைவிட நம்பத்தக்கது.

குளிர்நாட்டார் எழுதிய கைந்நூல்களில் காண முடியாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். மலேசியத் தாழ்நிலங்களிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. தோல் விலங்கின் உடலிலிருந்து வந்த பொருள். பூஞ்சணத்துக்கு அது உணவு. பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் மூடிய அலமாரியில் கிடந்த வாரின் ஓரங்களில் வெண்சாம்பல் படிந்திருந்தால் அது தூசியன்று. கட்டடத்துக்கு வெளியே கொண்டுசென்று உலர்ந்த தூரிகையால் துடைத்து, ஆல்கஹால் தோய்த்த துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் காயவைத்தால் தோல் சுருங்கிப் பலகையிலிருந்து பெயரும். நெகிழிப் பைக்குள் இறுக மூடி வைப்பதும் தீது. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறாது. துணியுறையில் இட்டு, காற்றுப் புழங்கும் இடத்தில் தொங்கவிடுவதே நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும். ஈரம் எஃகையும் விட்டுவைப்பதில்லை. வாரில் இழுத்துத் துடைத்த கத்தியில் ஒரு துளி எண்ணெய் தடவி வைப்பதை அதே வேளையில் செய்துவிடலாம்.

கூர்மையைச் சோதிக்கும் இடம் எது? பெருவிரல் அன்று; முன்கை மயிரும் அன்று. விளக்கொளியில் வாயை நேராகப் பார்க்கலாம். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக ஒளியைத் திருப்பும்; கூரிய வாய் ஒளியைத் திருப்பாது, இருளாகவே தெரியும். இதனினும் நம்பத்தக்கது, மென்மரத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கே சீவிப் பார்ப்பது. நம் காடுகளில் வளரும் ஜெலுத்தோங் இதற்கு மிகவும் ஏற்றது. மென்மையும் சீரான நாரும் கொண்ட அம்மரம் செதுக்குவோரின் விருப்பமரமும்கூட. கூரிய கத்தி சீவிய முகம் மெழுகு பூசியதுபோல் மின்னும். மழுங்கிய கத்தி சீவிய முகம் நசுங்கி, வெளிறி, சொரசொரப்பாய் இருக்கும். மின்னும் பரப்பின் நடுவே ஒரு வெண்கீற்று ஓடினால், வாயின் அவ்விடத்தில் மட்டும் சில்லு பெயர்ந்திருக்கிறது என்று அறியலாம். மாணவர் தாமே கண்டு தாமே முடிவு செய்யத்தக்க சோதனை இது.

கவனம் தவறி வாரில் வெட்டு விழுவது எந்தப் பட்டறையிலும் நடப்பதே. மேலோட்டமான வெட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்துவிடலாம். தோல் மடல்போல் எழுந்து நின்றால், அடியில் பசையிட்டு அழுத்தி, உலர்ந்தபின் தேய்க்க வேண்டும். அவ்வாறே விட்டுவிட்டால் அடுத்து வரும் அலகு அம்மடலில் சிக்கி வெட்டைப் பெரிதாக்கும். நடுவில் குழிந்துபோன தோலையும், வெட்டுகள் பெருகிப் பலகை தெரியும் தோலையும் சீர்செய்ய முயல்வது பயனற்றது; பெயர்த்தெடுத்துப் புதுத்தோல் ஒட்டுவதே முறை. பெயர்த்த தோலை எறிய வேண்டாம். அதில் கெடாத பகுதியை மெல்லிய பட்டையாக அறுத்து, விரல் தடிப்புள்ள உருளைக்கோலில் சுற்றி ஒட்டினால், கரண்டியின் குழியைக் குடையும் வளைகத்திக்கும் நகவுளிக்கும் உட்புறத்தை மெருகேற்ற ஒரு வார் கிடைத்துவிடும். தட்டைப் பலகை அவற்றின் வளைவுக்குள் நுழைவதில்லை.